பேட்டரி உள்ள கடிகாரத்தை யாரும் கேட்கவில்லை

சிங்கப்பூரின் காக்கி புக்கிட் தொழிற்பேட்டையில் ஒரு சமையற்கூடம். தேக்காவில் உள்ள இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கும், வார இறுதியில் கல்யாண ஆர்டர்களுக்கும் மாவு, மசாலா, இறைச்சி எல்லாம் இங்கிருந்துதான் போகின்றன. அங்கே மூன்று குளிர் அறைகள்: இரண்டு உறைநிலை அறைகள், ஒரு சில்லர். மூன்றுக்கும் வெளியே சுவரில் மாட்டியிருக்கும் வெப்பநிலைப் பதிவுப் பெட்டிகள் நாங்கள் செய்து பொருத்தியவை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் ஒரு சின்னக் கணினி போர்டு இருக்கும். அது நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் படித்து எங்கள் சர்வருக்கு அனுப்பும். இணையம் இல்லாவிட்டால் தன்னிடமே கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு, இணையம் வந்ததும் அனுப்பும். பொருத்தி இரண்டு வருடம் ஆகிறது. அதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டடத்தின் வருடாந்திர மின் பராமரிப்பு. காலை 8 மணிக்கு மின்சாரத்தை நிறுத்துவார்கள் என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டார்கள். அதனால் சமையற்கூடத்தில் பொருள்களை எல்லாம் வாடகைக் குளிர்சாதன லாரிக்கு மாற்றியிருந்தார்கள். மாலையில் மின்சாரம் வந்தது. உறைநிலை அறை மைனஸ் 18 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் பொருளைத் திரும்ப அடுக்கலாம். சில்லர் 4 டிகிரிக்குக் கீழே வர வேண்டும். எப்போது இறங்கியது, எப்போது அடுக்கினார்கள் என்பதற்கு எங்கள் பெட்டிகளின் பதிவுதான் சாட்சி. பெட்டியை விற்றபோது நாங்கள் சொன்ன வார்த்தையே அதுதான்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குச் சமையற்கூடத்தின் சூபர்வைசர் அக்காவிடமிருந்து குரல் செய்தி வந்தது. "தம்பி, நேத்து சாயங்காலத்துலேருந்து எதுவுமே ஏறல. இன்னிக்குக் காலையில 7 மணிக்குத்தான் கோடு மறுபடியும் ஓட ஆரம்பிச்சிருக்கு. நடுவுல வெறுமையா இருக்கு. கொஞ்சம் வந்து பாருங்க."

இணையம் ஏன் இல்லை என்பது உடனே புரிந்துவிட்டது. மின்சாரம் திரும்பியபோது அலுவலக அறையின் டிரிப் சுவிட்ச் விழுந்திருக்கிறது. ரௌட்டர் அந்த லைனில் இருக்கிறது. ஞாயிறு மாலை அலுவலக அறைக்குள் யாரும் போகவில்லை. திங்கள் காலை 7:05-க்கு அக்காதான் சுவிட்சைத் தூக்கிவிட்டார். சரி, இணையம் இல்லாத பதினைந்து மணி நேரத்தையும் பெட்டி தன்னிடம் எழுதி வைத்திருக்க வேண்டுமே? எழுதித்தான் வைத்திருந்தது. சர்வருக்கு அனுப்பவும் செய்தது. சர்வர்தான் ஏற்க மறுத்துவிட்டது. வந்த ஒவ்வொரு வரியிலும் தேதி 1970 ஜனவரி 1. நேரத்தை மறந்துபோன கணினி காட்டும் தேதி அது.

*

தம்பி ஒருவர் என்னோடு வேலை செய்கிறார், சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அவரையும் கூட்டிக்கொண்டு 9:40-க்கு அங்கே போய்ச் சேர்ந்தேன். முதல் உறைநிலை அறையின் பெட்டியைத் திறந்தோம். 1970 என்று கேட்டதுமே எங்கள் இருவர் மனதிலும் வந்த வார்த்தை பேட்டரி. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் ஓட, போர்டில் சிஆர்2032 பட்டன் பேட்டரி ஒன்று உண்டு. தம்பி மல்ட்டிமீட்டரை வைத்தார்: 3.02 வோல்ட். புதுசு மாதிரி இருக்கிறது.

"அண்ணே, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. அப்போ சிப் போச்சா?"

சீரியல் கேபிளை மாட்டி உள்ளே போனேன். லினக்ஸில் வன்பொருள் கடிகாரங்கள் ஆர்டிசி-0, ஆர்டிசி-1 என்ற பெயர்களில் வரும். இந்தப் போர்டில் இரண்டுமே இருந்தன. எனக்கு இது புதுச் செய்தி. போர்டை வடிவமைத்தவர் வேறு ஒருவர், இப்போது எங்களோடு இல்லை. மென்பொருளை அமைத்தது நான். கடிகாரம் ஒன்றுதான் என்று இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஆர்டிசி-1-ஐப் படித்தேன். அன்றைய தேதி, அன்றைய நேரம். கைப்பேசியோடு ஒப்பிட்டால் 41 வினாடி பின்தங்கியிருந்தது, அவ்வளவுதான். மின்சாரம் இல்லாத எட்டு மணி நேரமும் அந்தப் பட்டன் பேட்டரியில் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

அடுத்து, போர்டு தொடங்கியபோது கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதிய லாகைப் புரட்டினோம். தொடங்கிய இரண்டாவது வினாடியிலேயே ஒரு வரி: ஆர்டிசி-0-விலிருந்து சிஸ்டம் கடிகாரம் 1970-01-01, 00:00:00-க்கு வைக்கப்பட்டது. அதற்கு நான்கு வினாடி கழித்து இன்னொரு வரி: ஆர்டிசி-1 பதிவாகியது.

இந்த இரண்டு வரிகளுக்குள் எல்லாம் இருக்கிறது. கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கணினிக்குள் இரண்டு வகைக் கடிகாரம் உண்டு. ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் கர்னல் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் சிஸ்டம் நேரம். கோப்பில் விழும் தேதி, பாதுகாப்புச் சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் இதைப் பார்த்துத்தான் நடக்கும். மின்சாரம் போனால் இது அழிந்துவிடும். மற்றொன்று வன்பொருள் கடிகாரம்: தனிச் சிப், தனிப் படிகம், தனி பேட்டரி. அந்தப் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிரும். அது 2-இன் 15-ஆம் அடுக்கு, ஆகவே பதினைந்து முறை பாதி பாதியாக வகுத்தால் துல்லியமாக ஒரு வினாடி கிடைத்துவிடும். கணினி தொடங்கும்போது கர்னல் ஒரே ஒருமுறை வன்பொருள் கடிகாரத்தைக் கேட்டு, தன் சிஸ்டம் நேரத்தை அதற்கு வைத்துக்கொள்ளும். அப்புறம் தன் போக்கில் எண்ணிக்கொண்டு போகும். ஆரம்பகால ஐபிஎம் பிசியில் இந்த ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு முறை டாஸ் தொடங்கும்போதும் தேதி என்ன, மணி என்ன என்று ஆளிடமே கேட்கும். 1984-இல் வந்த பிசி ஏடி-யில்தான் மோட்டரோலாவின் எம்சி146818 சிப்பையும் பேட்டரியையும் போர்டோடு சேர்த்தார்கள்.

எங்கள் போர்டில் ஆர்டிசி-0 என்பது புராசசர் சிப்புக்குள்ளேயே உள்ள கடிகாரம். அதற்குத் தனி பேட்டரி இணைப்புக் கொடுக்கலாம், ஆனால் இந்தப் போர்டில் கொடுக்கவில்லை. மின்சாரம் போனால் அது பூஜ்யத்துக்குப் போய்விடும். பூஜ்யம் என்றால் யூனிக்ஸ் கணக்கில் 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரம் நள்ளிரவு. ஆர்டிசி-1 என்பது ஐ-டூ-சி கம்பிகள் வழியாகப் பேசும் டிஎஸ்3231 சிப். பேட்டரி இணைந்திருப்பது அதோடுதான்.

எந்தக் கடிகாரத்தைக் கேட்க வேண்டும் என்று கர்னலை அமைக்கும்போதே எழுதிவிடுகிறோம். யாரும் மாற்றாவிட்டால் ஆர்டிசி-0. எங்கள் கர்னல் கொஞ்சம் பழையது. கர்னலுக்குள்ளேயே உள்ள டிரைவர்கள் (வன்பொருளோடு பேசும் சிறு நிரல்கள்) எல்லாம் ஏறும் கட்டத்தின் கடைசியில் ஒருமுறை ஆர்டிசி-0 என்ற பெயரில் இருப்பதைக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடும். புராசசரின் சொந்தக் கடிகாரத்துக்கான டிரைவர் கர்னலுக்குள்ளேயே இருந்ததால் அது முந்திக்கொண்டு 0 என்ற எண்ணை வாங்கிக்கொண்டது. டிஎஸ்3231-க்கான டிரைவரை நான் கர்னலுக்கு வெளியே, பிறகு ஏற்றும் தனி மாட்யூலாக வைத்திருந்தேன். கோப்பு முறைமை ஏறிய பிறகுதான் அது வரும், வந்தபோது மிச்சமிருந்த எண் 1. அதற்குள் நேரம் வைக்கும் வேலை முடிந்துபோயிருந்தது.

சரியான நேரம் தெரிந்த கடிகாரம் பக்கத்திலேயே இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை.

என்னை அதிகம் உறுத்தியது இதற்கு அடுத்த விஷயம். இணையத்திலிருந்து என்டிபி (கணினிகள் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் முறை) வழியாகச் சரியான நேரம் கிடைத்துவிட்டால், கர்னல் அதை ஏறக்குறைய பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை வன்பொருள் கடிகாரத்தில் எழுதி வைக்கும். அடுத்த முறை தொடங்கும்போது உதவட்டும் என்ற நல்ல எண்ணம். எங்கள் அமைப்பில் அதுவும் ஆர்டிசி-0-வுக்கே போய்க்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக, இரவும் பகலும், மின்சாரம் போன மறுநொடி எல்லாவற்றையும் மறந்துவிடும் ஒரு கடிகாரத்துக்குத் துல்லியமான நேரத்தைச் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறோம். பேட்டரியோடு இருந்த கடிகாரத்துக்கு, எங்கள் பட்டறையில் முதல் நாள் வைத்த நேரத்துக்குப் பிறகு ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. அப்படியும் அது 41 வினாடிதான் பிசகியிருக்கிறது.

அந்த 41 வினாடியைப் பற்றி ஒரு வார்த்தை. குளிர் அறைக்கு வெளியே, கம்ப்ரசருக்குப் பக்கத்தில், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வெப்பம் 50 டிகிரி வரை போகும். சாதாரணக் கடிகாரப் படிகம் 25 டிகிரியில்தான் சரியாக ஓடும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் மெதுவாகும், அதுவும் வித்தியாசத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப. 50 டிகிரியில் பத்து லட்சத்துக்கு 21 பங்கு அளவு பின்தங்கும்: நாளைக்கு ஏறக்குறைய 1.8 வினாடி, மாதத்துக்கு ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. டிஎஸ்3231 தன் வெப்பநிலையைத் தானே அளந்து இந்தப் பிசகைத் திருத்திக்கொள்ளும் சிப். விலை அதிகம். போர்டை வடிவமைத்தவர் இந்தச் சூட்டை நினைத்துப் பார்த்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அவர் யோசித்துச் செய்ததை என் மென்பொருள் ஒருநாள்கூடப் பயன்படுத்தவில்லை.

*

இரண்டு வருடம் இது எப்படித் தெரியாமல் போனது? பட்டறையில் சோதிக்காமலா அனுப்பினோம்? சோதித்தோம். ஆனால் ரீபூட் செய்து சோதித்தோம். ரீபூட்டில் மின்சாரம் போவதில்லை, புராசசருக்குள் இருக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப எழுந்ததும் சரியான நேரத்தைக் கொடுக்கும். சில முறை பிளக்கையும் பிடுங்கிப் பார்த்தோம். அப்போது பட்டறையில் இணையம் இருந்தது. 1970-இல் தொடங்கினாலும் சில வினாடிகளில் என்டிபி நேரத்தைத் திருத்திவிடும், நாங்கள் திரையைப் பார்ப்பதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். மின்சாரமும் போய், இணையமும் சேர்ந்து போனால்தான் குறை வெளியே வரும். சிங்கப்பூரில் மின்சாரம் போவதே அபூர்வம். ஷட்டவுன் ஞாயிறு வரை பெட்டிக்கு அந்தச் சோதனை வரவே இல்லை.

*

குறையைக் கண்டுபிடித்ததும் முதல் வேலை பதிவைக் காப்பாற்றுவது. இரண்டு உறைநிலை அறைகளின் பெட்டிகளிலிருந்தும் 1970 என்று பெயரிட்ட கோப்புகளை என் மடிக்கணினிக்கு நகல் எடுத்துக்கொண்டேன். மூன்றாவது, சில்லர் பெட்டி, உயரத்தில் இருந்தது. ஏணி போட வேண்டும். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, மதியச் சாப்பாடு கிளம்பும் நேரம், அந்த வழியில் ஏணி போட்டால் எல்லோருக்கும் இடைஞ்சல். பெட்டி இப்போது சரியாக ஓடுகிறது, பழைய கோப்பு உள்ளேதானே இருக்கிறது, நாளைக் காலை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த முடிவு தவறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சாயங்காலம் பட்டறையில் உட்கார்ந்து நேரத்தைத் திருத்தினோம். பெட்டியின் நேரம் தவறு என்றாலும், தொடங்கிய கணத்திலிருந்து ஒரே சீராக ஓடியிருக்கிறது. ஆகவே எல்லா வரிகளிலும் தவறு ஒரே அளவு. அந்த அளவும் கையில் இருந்தது: காலையில் இணையம் வந்ததும் என்டிபி நேரத்தை எத்தனை வினாடி முன்னால் தள்ளியது என்று லாகிலேயே எழுதியிருந்தது. ஒவ்வொரு வரியோடும் அதைக் கூட்டினால் போதும். பதினைந்து மணி நேரத்தில் போர்டின் படிகம் பிசகினாலும் ஒன்றிரண்டு வினாடிதான், இந்த வேலைக்கு அது பெரிதில்லை.

ஒரே சிக்கல், கோப்பில் நேரத்தை உள்ளூர் நேரமாக எழுத்தில் எழுதியிருந்தேன். உலகப் பொது நேரத்துக்கு மாற்ற எட்டு மணி நேரம் கழித்தேன். சிங்கப்பூர் என்றால் பிளஸ் எட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கழித்து, என்டிபி அளவைக் கூட்டி, திரும்ப உள்ளூர் நேரமாக்கினேன்.

முதல் வரி ஞாயிறு மாலை 3:42 என்று வந்தது.

"அண்ணே, கரண்ட் வந்ததே நாலே காலுக்குன்னு சொன்னாங்க. அதுக்கு முன்னாடி பெட்டி எப்படி ஓடும்?"

அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பவர். பக்கத்தைப் புரட்டும் சத்தம் போனில் கேட்டது. "நாலு பன்னிரண்டு. நான் வாட்சைப் பார்த்துத்தான் எழுதியிருக்கேன்."

"அரை மணி நேரம் வித்தியாசம் வருதுக்கா. அங்க யாராவது கடிகாரத்துல கை வச்சாங்களா?"

அவர் சிரித்தார். "கடிகாரத்தை அரை மணி நேரம் மாத்துனது அரசாங்கம்தான் தம்பி, நான் ஸ்கூல் படிக்கிறப்போ. அந்த வருஷம் புத்தாண்டு அரை மணி நேரம் முன்னாடியே வந்துடுச்சு. எங்கப்பா மறந்துபோய் மறுநாள் லேட்டா எழுந்தாரு."

போனை வைத்துவிட்டுக் கோப்பின் முதல் வரியை மறுபடி பார்த்தேன். 1970 ஜனவரி 1, காலை 07:30. காலையிலிருந்து பத்துத் தடவையாவது அந்த வரியைப் பார்த்திருப்பேன். சிங்கப்பூரில் பூஜ்யம் என்றால் 08:00 என்றுதானே காட்ட வேண்டும்? 07:30 என்று இருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

பெட்டி காட்டியதுதான் சரி. 1970-இல் சிங்கப்பூரின் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஏழரை மணி நேரம் முன்னால் இருந்தது. 1981 டிசம்பர் 31 இரவு 11:30 ஆனதும் கடிகாரத்தை 12:00-க்கு வைத்தார்கள். தீபகற்ப மலேசியாவின் நேரத்தைச் சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்க மலேசியா முடிவு செய்தது, சிங்கப்பூரும் அதோடு சேர்ந்துகொண்டது. அதற்கு முன்னும் இந்த ஊரின் கடிகாரம் பலமுறை நகர்ந்திருக்கிறது. 1905-இல் ஏழு மணி நேரம், 1933-இல் இன்னொரு இருபது நிமிடம், 1941-இல் ஏழரை, 1942-இல் ஜப்பானியர் பிடித்ததும் தோக்கியோ நேரமாகிய ஒன்பது, 1945 செப்டம்பரில் மறுபடி ஏழரை. இவை எல்லாம் லினக்ஸின் நேர மண்டலக் கோப்பில் வரிவரியாக இருக்கின்றன. 1970-க்கு உள்ளூர் நேரம் கேட்டபோது கணினி அந்தக் காலத்துச் சிங்கப்பூரின் நேரத்தையே சொன்னது. இன்றைய எட்டு மணி நேரத்தை அன்றைக்கும் பொருத்தியவன் நான்.

எட்டுக்குப் பதில் ஏழரையைக் கழித்தோம். முதல் வரி 4:12. முதல் உறைநிலை அறை மைனஸ் 18-க்கு இறங்கியது 6:21-க்கு. 6:35-க்கு வெப்பநிலை திடீரென்று நாலு டிகிரி ஏறி, மெல்ல இறங்குகிறது. அது கதவைத் திறந்து பொருளை அடுக்கிய நேரம். அக்காவின் நோட்டிலும் "6:35 கோழி உள்ளே" என்று இருந்தது. இரண்டாவது அறையும் நோட்டோடு ஒத்துப்போனது. அந்த இரண்டு அறைகளின் பதிவையும் விளக்கத்தோடு அன்று இரவே அனுப்பிவைத்தோம்.

*

செவ்வாய்க்கிழமை காலை ஏணியோடு போனோம். சில்லர் பெட்டியில் 1970 கோப்பு இல்லை.

பெட்டியின் சேமிப்பு நிரம்பிவிடக்கூடாது என்று, விடியற்காலை 3 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். முப்பது நாளுக்கு மேல் பழைய கோப்பை அழித்துவிடும். நேரம் சரியான பிறகு அதன் கண்ணுக்கு அந்தக் கோப்பு அரை நூற்றாண்டுப் பழசு. அழித்துவிட்டது. திரும்ப எடுக்க அன்று முழுவதும் முயன்றோம், கிடைக்கவில்லை. நான் எழுதிய ஸ்கிரிப்ட்தான். திங்கட்கிழமை அங்கே நின்றபோது அது என் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஏணி போட்டிருந்தால் பதிவு கையில் இருந்திருக்கும்.

சில்லரில் தோசை மாவும் மசாலா தடவிய ஆட்டிறைச்சியும் இருந்தன. பதிவு வரும்வரை தொட வேண்டாம் என்று சமையற்கூடத்தின் பாஸ் தனியாக வைக்கச் சொல்லியிருந்தார். நோட்டில் "5:50, 3.8 டிகிரி, மாவு உள்ளே" என்று அக்கா தெளிவாக எழுதியிருக்கிறார். பாஸ் அதைப் பார்த்தார். "அக்கா எழுதுனதை நான் நம்புறேன். ஆனா கல்யாண வீட்டுக்காரர் காட்டச் சொன்னா நான் எதைக் காட்டுறது?" என்றார். எல்லாவற்றையும் கொட்டச் சொல்லிவிட்டார். மாவை நீல நிறத் தொட்டியில் கொட்டும்போது நானும் தம்பியும் கூட நின்று தூக்கிக் கொடுத்தோம். செலவை எங்கள் பில்லில் கழித்துக்கொள்ளச் சொன்னோம்.

*

இனி, மாற்றியவை.

டிஎஸ்3231-க்கான டிரைவரையும், அதன் ஐ-டூ-சி கம்பிக்கான டிரைவரையும் கர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட்டோம். இரண்டாவதை மறந்தால் முதலாவதைச் சேர்த்தும் பயனில்லை, கம்பி எழுந்தால்தான் சிப்போடு பேச முடியும். லினக்ஸில் இந்தச் சிப்புக்குத் தனிப் பெயரில் டிரைவர் தேடினால் கிடைக்காது, அதன் மூத்த சிப்பான டிஎஸ்1307-இன் டிரைவரே இதையும் பார்த்துக்கொள்கிறது. அப்புறம் போர்டில் என்னென்ன சிப் உண்டு என்று கர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பில், ஆர்டிசி-0 என்ற பெயர் டிஎஸ்3231-க்கே உரியது என்று எழுதி, புராசசரின் சொந்தக் கடிகாரத்தை முடக்கிவிட்டோம். கர்னல் அமைப்பில் ஆர்டிசி-1-ஐக் கேள் என்று ஒரு வரி மாற்றியிருந்தாலும் அன்றைக்கு வேலை நடந்திருக்கும். ஆனால் எண்கள் டிரைவர்கள் வரும் வரிசைப்படி விழுகின்றன, அடுத்த கர்னலில் வரிசை மாறினால் பழைய இடத்துக்கே வந்துவிடுவோம். பேட்டரி இல்லாத கடிகாரம் பட்டியலிலேயே இல்லாமல் இருப்பதுதான் எனக்கு நிம்மதி. பதினொரு நிமிடத்துக்கு ஒருமுறை எழுதும் நேரமும் இப்போது போக வேண்டிய இடத்துக்குப் போகிறது.

இதைச் செய்துவிட்டு உடனே மூன்று பெட்டிகளையும் மாற்றியிருந்தால் இன்னொரு விபத்து நடந்திருக்கும். நல்லவேளையாக, தம்பி மூன்று பெட்டிகளின் டிஎஸ்3231-ஐயும் ஒவ்வொன்றாகப் படித்துக் குறித்து வைத்தார். முதலாவது 41 வினாடி பின்னால். மூன்றாவது 26 வினாடி முன்னால். இரண்டாவது எட்டு மணி நேரமும் 33 வினாடியும் முன்னால். பட்டறையில் முதல் தொகுதிப் போர்டுகளுக்கு நேரம் வைத்த கருவி, உலகப் பொது நேரத்துக்குப் பதில் உள்ளூர் நேரத்தை எழுதியிருக்கிறது. லினக்ஸ் கர்னல் வன்பொருள் கடிகாரத்தில் இருப்பதைப் பொது நேரம் என்றே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே கணினியில் இரண்டையும் வைத்திருப்பவர்களுக்கு இந்த எட்டு மணி நேரச் சண்டை நன்றாகத் தெரியும். அந்தப் போர்டு இரண்டு வருடமும் ஆர்டிசி-1-ஐக் கேட்காததால் இந்தத் தவறு வெளியே வரவில்லை. கேட்க ஆரம்பித்த அன்று, அது எட்டு மணி நேரம் எதிர்காலத்தில் எழுந்திருக்கும். இப்போது மென்பொருளைப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்ட், முதலில் என்டிபி நேரத்தை உறுதி செய்து, அதைச் சிப்பில் எழுதி, திரும்பப் படித்துப் பார்த்த பிறகே அடுத்த அடி வைக்கும்.

பதிவின் வடிவத்தையும் மாற்றினோம். இதைத்தான் முக்கியமானதாக நான் நினைக்கிறேன். ஒவ்வொரு வரியிலும் பொது நேரம், பெட்டி தொடங்கியதிலிருந்து எத்தனை வினாடி, எத்தனையாவது தொடக்கம், நேரம் உறுதியா இல்லையா என்ற ஒரு குறி. டிஎஸ்3231-இன் அதிர்வு எப்போதாவது நின்றிருந்தால், சிப் தன்னிடம் ஒரு கொடியைத் தூக்கி வைத்திருக்கும்: பேட்டரி தீர்ந்தாலோ கழற்றினாலோ அது எழும். தொடங்கும்போது அந்தக் கொடியைப் பார்க்கிறோம். எழுந்திருந்தால் நேரத்தை நம்பாமல், "உறுதியில்லை" என்று குறித்துவிட்டு எண்ணிக்கொண்டே போகும். இணையம் வந்ததும் பின்னோக்கித் திருத்திக்கொள்ளலாம். நேரம் உறுதியில்லாத கோப்பை அழிக்கும் ஸ்கிரிப்ட் தொடாது. உறுதியானதையும், சர்வர் பெற்றுக்கொண்டேன் என்று பதில் சொன்ன பிறகே அழிக்கும்.

கடைசியாக நிறுத்தியபோது இருந்த நேரத்தைக் கோப்பில் சேமித்து, அடுத்த முறை அதிலிருந்தே தொடங்கலாமே என்று தம்பி கேட்டார். கடிகாரச் சிப்பே இல்லாத பழைய ராஸ்பெர்ரி பைகளில் அப்படித்தான் செய்வார்கள், அங்கே வேறு வழி இல்லை. எங்களுக்கு வேண்டாம் என்றேன். அப்படிச் செய்திருந்தால் ஞாயிறு மாலை 4:12-க்கு எழுந்த பெட்டி காலை 8 மணி என்று எழுதத் தொடங்கியிருக்கும். சர்வர் அதை மறுக்காது. கோடு அழகாகத் தொடர்ந்திருக்கும், மின்சாரமே இல்லாத நேரத்தில் அறை குளிர்ந்துகொண்டிருந்ததாகக் காட்டியிருக்கும். 1970 என்று வந்ததால்தான் சர்வர் மறுத்தது, அக்கா எங்களை அழைத்தார்.

பட்டறையில் இப்போது சோதனை வேறு மாதிரி. பிளக்கையும் இணையக் கம்பியையும் சேர்த்துப் பிடுங்கி, ஓர் இரவு முழுக்க விட்டு, காலையில் மின்சாரத்தை மட்டும் கொடுக்கிறோம். அப்புறம் பேட்டரியையும் கழற்றி இன்னொரு முறை.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை இரவு, கடை மூடிய பிறகு பாஸிடம் அனுமதி வாங்கிச் சமையற்கூடத்திலேயே செய்து பார்த்தோம். ரௌட்டரைக் கழற்றி வைத்தோம். மூன்று பெட்டிகளின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, அக்கா கொடுத்த தேநீரைக் குடித்தபடி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் சுவிட்சைப் போட்டோம். சீரியல் திரையில் கர்னல் வரிகள் ஓடின. ஆர்டிசி-0-விலிருந்து சிஸ்டம் கடிகாரம் வைக்கப்பட்டது என்ற வரி வந்ததும் தம்பி விரலை வைத்து நிறுத்தினார். சரியான வருடம், சரியான நாள், பொது நேரம் 14:47:12.

அக்கா தன் வாட்சைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்: இரவு 10:47, மூணு பெட்டியும் போட்டாச்சு.